பஸ்ராவுக்குப் போனவர்கள்

என் ஆயாவின் தாத்தாவைப் பற்றி எங்கள் குடும்பத்தில் மிஞ்சியிருந்தது இவ்வளவுதான்: முதல் உலகப் போரில் பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போனார், திரும்பி வரவில்லை. ஆயாவுக்கும் அதற்கு மேல் தெரியாது.

மீதியைச் சொன்னது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு. படைப்பிரிவு, பட்டாள எண், இறந்த தேதி. கடைசி வரியில், இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, வட ஆற்காடு. அந்தத் தகப்பன் பெயரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் போயிருந்த ஒரு தலைமுறையின் பெயரை, யாரோ ஒரு பட்டாள எழுத்தர் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.

ஆள் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. முனுசாமி போன்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருப்பார்கள். ஊர், தாலுகா, பழைய மாவட்டப் பெயர் ஆகியவற்றைக் கொண்டு தேட வேண்டும். அப்படித் தேடும்போதுதான் நம் ஆளோடு சேர்ந்து மற்றவர்களும் வரிசையாக வருகிறார்கள். காட்பாடி, குடியாத்தம், ஆரணி என்று நாம் பஸ்ஸில் கடந்துபோகும் ஊர்களின் பிள்ளைகள்.

இராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சின்னம் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. அதிகாரிகளின் பெயர்களைக் கல்லில் செதுக்கினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களை, இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக முடித்துவிட்டார்கள். இந்தப் பாகுபாட்டில் இனவெறிக்குப் பங்கு இருந்ததை 2021-இல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கல்லில் இடம் மறுக்கப்பட்டவர்களை இன்று ஒரு கைப்பேசியில் பெயர் சொல்லிப் படிக்க முடிகிறது. இது சின்ன விஷயம் அல்ல.

ஆயாவின் தாத்தா யாருக்காகச் சண்டை போட்டார் என்று என் மகன் கேட்கிறான். சம்பளத்துக்காகப் போயிருக்கலாம், ஊரில் தலைநிமிர்ந்து நடக்கவும் போயிருக்கலாம். பதிவேடு அதைச் சொல்லாது. அவரைத் தியாகியாக்கவும் எனக்கு விருப்பமில்லை, வெள்ளைக்காரனின் கூலியாள் என்று தள்ளிவிடவும் மனம் இல்லை. நம் கொள்கைக்கு ஏற்றபடி இறந்தவர்களைத் திருத்தி எழுதும் உரிமை நமக்கு இல்லை.

இந்தப் பதிவேட்டில் இருப்பவர்கள் இறந்தவர்கள் மட்டுமே. உயிரோடு ஊர் திரும்பியவர்களை இதில் காண முடியாது. அவர்கள் வாங்கிய பதக்கம் வீட்டுப் பெட்டியில் இருந்தால், அதன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். வெள்ளி என்பதால் உருக்கிவிட்ட வீடுகளும் உண்டு. அங்கே பெரியவர்களின் நினைவுதான் ஆவணம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

உங்கள் முன்னோரைத் தேடும்போது, அதே தாலுகாவின் மற்றப் பெயர்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ கொண்டுபோய்க் கொடுங்கள். தேட ஆளில்லாத குடும்பங்கள்தான் அதிகம்.