யாருடைய எட்டு மணி?

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தேன். கிளம்பும் முன்னே, ஈப்போவில் எங்கள் தேவார வகுப்புத் தங்கச்சி ஒருத்திக்கு வாக்குக் கொடுத்தேன். "சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வீடியோவுல கூப்பிடுறேன், பாடிக் காட்டும்மா." மறுநாள் காலையில் அவளுக்குப் போட்டி. கைப்பேசி நாட்காட்டியிலும் உடனே குறித்துக்கொண்டேன்.

சென்னையில் இறங்கிப் பார்த்தால் அது 5.30 என்று காட்டியது. 'போன் குழம்பிப் போச்சு' என்று நினைத்து நானே 8.00 என மாற்றினேன். சரியாக எட்டு மணிக்குக் கல்யாணக் கூட்டத்தை விட்டு வெளியே வந்து கூப்பிட்டேன். ஈப்போவில் அப்போது மணி 10.30. பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தபடியே அவள் தூங்கிவிட்டதாக அம்மா சொன்னார்.

போட்டி முடிந்தபின் பேசினாள். கோபமே இல்லை. ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணா, நீங்க சொன்னது உங்க எட்டு மணியா, எங்க எட்டு மணியா?"

'தெரியாமத்தானே நடந்துச்சு' என்று மனசு சமாதானம் சொன்னது. நான் பொய் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை. எட்டு என்ற எண்ணைக் காப்பாற்றினேன். ஆனால் அவள் எண்ணுக்காகவா காத்திருந்தாள்? கைப்பேசி எண்ணை மாற்றி அந்த நேரத்தைக் காப்பாற்றியது. நான் எண்ணைப் பிடித்துக்கொண்டு நேரத்தை விட்டுவிட்டேன்.

கடிகார எண் நாம் வைத்துக்கொண்டதுதான். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். நேராக 1982 பிறந்தது. அதற்காக மறுநாள் சூரியன் முந்தி உதிக்கவில்லை.

அப்படியென்றால், எங்கே போனாலும் மலேசிய நேரத்தையே பார்க்க வேண்டுமா? இல்லை. லண்டனில் படிக்கும் பிள்ளை நம் மாலை 7.30-க்கு விளக்கேற்றினால் அங்கே நண்பகலாக இருக்கும்! அந்தி விளக்கு அங்குள்ள சூரியனுக்கு உரியது. ஏகாதசித் திதி உலகுக்கெல்லாம் ஒரே கணத்தில் தொடங்கினாலும், விரத நாளை அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்தை வைத்துத்தான் கணிக்கிறோம்.

ஆக, சூரியனை ஒட்டிய கடமை நாம் நிற்கும் ஊரைப் பார்க்கும். இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு, அவர் காத்திருக்கும் ஊரைப் பார்க்கும். பயணம் போனது நான். கணக்குப் போட வேண்டியதும் நான்தான். பத்து வயசுப் பிள்ளை அல்ல.

கோயிலில் குருக்கள் சங்கல்பம் செய்யும்போது கவனித்திருக்கிறீர்களா? நம் வேண்டுதலுக்கு முன்னே இடத்தையும் காலத்தையும் சொல்கிறார். இடம் சொல்லாத வாக்கு பாதி வாக்குதான் என்று இப்போது படுகிறது.

இனி நேரம் குறிக்கும்போது பக்கத்தில் 'மலேசிய நேரம்' என்று எழுதிவிடுங்கள். நாட்காட்டியிலும் எந்த ஊர் நேரம் என்று தேர்வு செய்யும் வசதி இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "உங்க எட்டு மணிதான்மா. தப்பு போன் மேல இல்ல, அண்ணா மேலதான்."