பென்சன் கிடைக்காத பென்சன் கோழி

பாசாரில் 'ஆயாம் பென்சென்' என்று ஒரு கோழி விற்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். முட்டைப் பண்ணையில் வேலை முடிந்த கோழி அது. சுமார் ஒன்றரை வயதில் முட்டை குறையும். தீனிச் செலவுக்குக் கட்டாது என்று மொத்தமாகக் கழித்துவிடுவார்கள். கறி முறுக்காக இருக்கும், சூப்புக்கு நல்லா இருக்கும், விலையும் குறைவு. பெயரை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உழைத்து முடித்தவருக்குக் கிடைப்பது பென்சன். இந்தக் கோழிக்குக் கிடைப்பது கத்தி.

இப்படிக் கழிக்கப்பட்ட கோழிகளை உயிரோடு வாங்கி வளர்ப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய ஓர் அறநிறுவனம் லட்சக்கணக்கான கோழிகளுக்கு வீடு தேடிக் கொடுத்திருக்கிறது. பேராக்கில் நமக்கும் இது முடியாத காரியம் இல்லை. பழைய தோட்டப்புறங்களிலும் கம்போங் வீடுகளிலும் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் மண் இருக்கிறது. லயத்து வீட்டில் கோழிக்கூடு இல்லாத காலமா இருந்தது?

ஆனால் வளர்க்க ஆரம்பித்தவர்களுக்கு ஒரு சோதனை வரும். காலையில் ஓடிவந்து தீனி தின்ற கோழி, மத்தியானம் செத்துக் கிடக்கும். "நேத்துகூட நல்லாத்தானே இருந்துச்சு!" என்று வீட்டுப் பிள்ளைகள் அழுவார்கள். சில மாதங்களில் சாகப்போகும் ஒன்றை ஏன் காப்பாற்ற வேண்டும்? இந்தக் கேள்வியைத்தான் நாம் பேச வேண்டும்.

முதலில், அது ஏன் சாகிறது என்று தெரிந்துகொள்வோம். நம் காட்டில் திரியும் ஆயாம் ஹுத்தான்தான் எல்லா வீட்டுக் கோழிக்கும் மூதாதை. அது வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். பண்ணைக் கோழியோ ஏறக்குறைய 300 இடுகிறது. இத்தனை ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கு அதன் எலும்பிலிருந்தே போகிறது. அதனால் எலும்பு எளிதில் முறியும். முட்டைக் கரு வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடிக்கும். ஈரலில் கொழுப்பு ஏறித் திடீரென்று ரத்தம் கசியும். கோழிக்கு வியர்க்காது என்பதால் நம் ஊர் வெயிலும் சேர்ந்து கொல்லும். இதற்கு மேல், பலவீனத்தைக் காட்டினால் எதிரி பிடித்துவிடும் என்று நோயை மறைப்பது அதன் இயல்பு. ஆக, அந்தச் சாவு நமக்குத்தான் திடீர். அதன் உடம்பில் அது எப்போதோ தொடங்கிவிட்டது.

சாவு நடந்ததும் மூன்று பேச்சு வரும்.

ஒன்று, "காசு வீண்." அந்தக் கோழி அதுவரை ஒரு ஏ4 தாளைவிடச் சின்ன இடத்தில், கம்பி மேல் நின்றிருக்கும். அப்படிப்பட்ட வெறும் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தடை செய்தது. மண்ணையே பார்க்காத கோழியும் மண்ணில் இறங்கிய சில நாளில் புழுதியில் புரண்டு குளிக்கும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நான்கு மாதம் அப்படி வாழ்ந்தது என்றால் அந்த நான்கு மாதம் அதற்கு நிஜம். எத்தனை நாள் என்று மட்டும் பார்த்தால், முதியோர் இல்லத்துக்குப் போய் ஒருவருக்குச் சோறு ஊட்டுவதையும் வீண் என்றுதான் சொல்ல வேண்டிவரும்.

இரண்டு, "எல்லாம் விதி, விடு." இது பக்தி மாதிரி தெரியும், ஆனால் பல நேரம் சோம்பேறித்தனம். நிழல் இல்லாமல் செத்தால் அது விதி இல்லை, நிழல் இல்லாததுதான் காரணம். மரநாய் வந்தது என்றால் கூண்டில் ஓட்டை. பலனில் பற்று வேண்டாம் என்று கீதை சொல்வது, வேலையில் அக்கறை வேண்டாம் என்பதற்காக அல்ல.

மூன்று, "என்னாலதான் செத்துச்சு." நல்ல மனசுக்காரர்கள் இங்கே உடைந்துபோகிறார்கள். தண்ணீர், நிழல், தீனி, பூட்டு எல்லாம் சரியாக இருந்தும் போய்விட்டது என்றால், அந்தப் பழியைத் தூக்கிச் சுமப்பது அன்பு அல்ல. எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது என்ற நினைப்பு அது.

மகாபாரதத்தின் கடைசிப் பயணம் நினைவிருக்கிறதா? திரௌபதியும் நான்கு தம்பிகளும் வழியில் ஒவ்வொருவராக விழுந்துவிட, தர்மர் நடந்துகொண்டே இருக்கிறார். கூடவே ஒரு நாய். அதை விட்டுவிட்டுத் தேரில் ஏறச் சொல்கிறான் இந்திரன். தர்மர் மறுக்கிறார். தம்பிகளையே விட்டு வந்தாயே என்று இந்திரன் மடக்குகிறான். இறந்தவர்களை என்னால் எழுப்ப முடியாது, அதனால் விட்டு வந்தேன். உயிரோடு இருந்தவரை அவர்களை நான் விடவில்லை என்பதுதான் தர்மர் சொன்ன பதிலின் பொருள்.

துக்கத்துக்கு இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியாது. செத்ததை மரியாதையாக ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். பிள்ளைகளை அழ விடுங்கள். பிறகு திரும்பி, மீதி இருப்பவை தண்ணீர் குடித்தனவா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் பல செத்தால் தொற்றுநோயாக இருக்கலாம். தொடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள்.

கோழியோடு ஏன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்கலாம். மனிதனும் கோழியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 'உழைத்து ஓய்ந்தபின் அவருக்கு என்ன மதிப்பு?' என்ற கேள்வி நம் சமுதாயத்துக்குப் புதிது இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். அப்போது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளர் சேமிப்பிலேயே தோட்டம் வாங்க வழி செய்தார். பயன் முடிந்தால் தூக்கி எறியலாம் என்ற கணக்கின் வலி நமக்குத் தெரியும். அதே கணக்கை ஒரு வாயில்லா ஜீவன் மீது நாம் போடும்போது மட்டும் அது எப்படிச் சரியாகும்?

தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குப் போகும்போது முருகன் கொடியில் சேவலைக் கும்பிடுகிறோம். எல்லாரும் கோழி வளர்க்க வேண்டும் என்பதில்லை; தமான் வீட்டில் அது முடியாமலும் போகலாம். முடிந்தவர்கள் இரண்டு வளருங்கள். முடியாதவர்கள், தட்டில் முட்டை வரும்போது அதை இட்டது யார், அது இப்போது எங்கே என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.