அப்வேர்ட் குடுக்கலாமா? முருகன்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்



போன வருஷம் ஆடி மாசம். ராத்திரி பத்தரை இருக்கும், ஆபீஸ் கேப்ல வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தேன். திருச்சுழி பக்கத்துல இருந்து சித்தி போன் பண்ணினாங்க. "தம்பி, நாளைக்குக் காலைல முருகன் கோயில்ல பூக்கட்டிப் பாக்கப் போறோம். சிவப்பு வந்தா இருக்கறதை எடுத்துக்கறது, வெள்ளை வந்தா மேல கேக்கறது. நீ என்னப்பா சொல்ற?"

இன்ஜினியரிங் கவுன்சிலிங் சமாச்சாரம். தங்கச்சிக்குக் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில ட்ரிபிள் ஈ ஒதுக்கியிருந்தாங்க. மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். "அக்செப்ட் அண்ட் ஜாயின்"னு அமுக்கினா அந்த சீட் உறுதி, போய்ச் சேர்ந்துரலாம். "அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்"னு அமுக்கினா இந்த சீட்டும் கையில இருக்கும், லிஸ்ட்ல இதுக்கு மேல போட்டது ஏதாவது காலியானா அங்க நகர்த்துவாங்க. வேணாம்னு சொல்றதுக்கும் தனியா பட்டன்கள் உண்டு, ஆனா அது அவங்க கேள்வியில இல்லை.

நான் யோசிக்கவே இல்லை. "அப்வேர்ட் குடுங்க சித்தி. கிடைச்சா லாபம், கிடைக்கலைன்னா காரைக்குடி இருக்கவே இருக்கு. இதுக்குப் போயி பூவெல்லாம் எதுக்கு?" சொல்லிட்டு வெச்சுட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகலை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தப்பதான் உறைச்சுது. அவ லிஸ்ட்ல மேல என்ன இருக்குன்னு நான் கேக்கவே இல்லையே!

ஒரு விஷயம் ஒத்துக்கணும். நான் சேர்ந்தது 2015ல. அப்பல்லாம் கிண்டிக்கு நேர்ல போகணும். அப்பாவும் நானும் அருப்புக்கோட்டையில பஸ் ஏறி, விடிய விடிய வந்து, அண்ணா பல்கலைக்கழகத்துல திரையில சீட் ஒவ்வொண்ணா குறையறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம். உள்ள கூப்பிடுவாங்க, அந்த நிமிஷம் இருக்கறதுல ஒண்ணை எடுக்கணும், அதோட முடிஞ்சுது. 2018லதான் ஆன்லைன் ஆச்சு. சேர்றதுக்கு ஏழு நாள் கெடு 2022ல வந்தது. மேல நகர்ற வசதியும் என் காலத்துக்கு அப்புறம் வந்ததுதான். அதாவது, நான் தொடவே தொடாத பட்டனைப் பத்தி அவ்வளவு தைரியமா பேசியிருக்கேன். இன்ஜினியர்ங்கற பேருக்கு வீட்டுல எவ்வளவு மரியாதை பாருங்க.

விடிஞ்சதும் போன் பண்ணி லிஸ்டை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். காரைக்குடி ட்ரிபிள் ஈ அவளோட அஞ்சாவது விருப்பம். முதல் மூணு: கிண்டி, கோவை அரசுப் பொறியியல் கல்லூரி, மதுரை தியாகராஜர். எல்லாரும் போடறதுதான். நாலாவது, சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ்.

"இது யாரு போட்டது?"

"பிரவுசிங் சென்டர் அண்ணன் சொன்னாருண்ணே. கம்ப்யூட்டர்னா மேல போடு, வேலை கிடைக்கும்னாரு."

"இது கிடைச்சா போவியா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்பாவால ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட முடியாதுண்ணே."

சித்தப்பா சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடறவர். முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்துக்குத்தான். ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அது வராது.

இப்ப இந்த பட்டன் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. லிஸ்டை லாக் பண்ணின பிறகு வரிசையை மாத்த முடியாது. "முதல் மூணுக்கு மட்டும் அப்வேர்ட், நாலாவது வேண்டாம்"னு சொல்ல வழி கிடையாது. ஐஐடி, என்ஐடி கவுன்சிலிங்ல "ஸ்லைடு"ன்னு ஒண்ணு இருக்கு, அதே கல்லூரிக்குள்ள மட்டும் மேல போக. இங்க அதுவும் இல்லை. மேல உள்ள நாலுல எது கிடைக்குதோ அது. அது கிடைச்ச நிமிஷம் காரைக்குடி சீட் தானா ரத்தாகி வேற ஒருத்தருக்குப் போயிடும். "ஐயோ, பழசே குடுங்க"ன்னா நடக்காது.

ரெண்டு பேருமா உக்காந்து முந்தின வருஷக் கட்ஆஃப் எடுத்துப் பாத்தோம். முதல் மூணுக்கும் அவளுக்கும் நடுவுல மூணு மார்க்ல இருந்து எட்டு மார்க் வரைக்கும் இடைவெளி. இருநூறுக்குப் போடற கட்ஆஃப்ல மூணு மார்க்னா எத்தனை ஆயிரம் பேர்னு கவுன்சிலிங் போனவங்களுக்குத் தெரியும். நாலாவதுக்கு? அரை மார்க்.

ஆக, நான் "நஷ்டமே இல்லை"ன்னு சொன்ன பட்டன், அவ ஆசைப்பட்டதைக் கொண்டுவர வாய்ப்பு ரொம்பக் குறைவு. அவ போக முடியாத இடத்தைக் கொண்டுவந்து, போகக்கூடிய இடத்தைப் பிடுங்கிக்கிற வாய்ப்புதான் அதிகம்.

இந்த இடத்துல சிலர் "பேராசை கூடாது, கந்தன் குடுத்ததை வெச்சு நிம்மதியா இரு"ன்னு முடிச்சிருவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. வானம் பாத்த பூமியில பொறந்தவங்க நாம. விருதுநகர் மாவட்டத்துக்கு அரசாங்கமே 2018ல வெச்ச பேரு "முன்னேற விழையும் மாவட்டம்". விழையறதுதான் நம்ம பிள்ளைகள்கிட்ட இருக்கற ஒரே முதல். போதும்னு இருக்கச் சொல்றது பல நேரம், வயிறு நிறைஞ்சவன் பசிச்சவனுக்குச் சொல்ற புத்திமதியாத்தான் இருக்கு. முதல் மூணும் மட்டும் மேல இருந்திருந்தா, இன்னும் மேல கேளும்மான்னுதான் நானும் சொல்லியிருப்பேன். அதுல ஒரு தப்பும் இல்லை.

தப்பு வேற இடத்துல. "மேல"ங்கற ஒரு வார்த்தையை நம்பி, மேல என்ன இருக்குன்னு பாக்காமலே கேக்கறது. அந்த வரிசை அவளோட மனசு இல்லை. பாதி ஊர் பேச்சு, பாதி பிரவுசிங் சென்டர். வேற யாரோ எழுதிக் குடுத்த ஆசையை நம்ம ஆசைன்னு நினைச்சு அதுக்காக வேண்டிக்கவும் செய்யறோம்.

நம்ம துறையில இதுக்கு ஒரு அழகான கணக்கு இருக்கு. 1962ல டேவிட் கேல், லாய்ட் ஷேப்லின்னு ரெண்டு பேர், மாணவர்களையும் கல்லூரிகளையும் எப்படிப் பொருத்தறதுன்னு ஒரு கட்டுரை எழுதினாங்க. அதை வளர்த்ததுக்காக 2012ல ஷேப்லிக்கும் ஆல்வின் ரோத்துக்கும் பொருளாதார நோபல் கிடைச்சுது. அந்த முறையில, மாணவர் பக்கமிருந்து பொருத்தம் நடந்தா, தன் விருப்பத்தை உள்ளபடி எழுதின மாணவனுக்கு அந்த உண்மையால நஷ்டம் வராதுன்னு பின்னாடி நிரூபிச்சாங்க. பாதுகாப்பு உண்மையா எழுதினவனுக்குத்தான். மாத்தி எழுதினா, எழுதினதைத்தான் அந்தக் கணக்கு கொண்டுவந்து குடுக்கும். மனசுல இருந்ததை அதுக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணையும் யோசிக்கணும். நாலாவது கிடைச்சு அவ போய்ச் சேரலைன்னு வைங்க. யாரோ ஒரு பிள்ளை அரை மார்க்ல தவறவிட்ட சீட்டு சும்மா கிடக்கும். சீட்டைப் பிடிச்சு வெச்சுட்டு மெடிக்கலுக்கோ வேற எங்கயோ போயிடறவங்களால இடம் வீணாகுதுன்னுதான் அந்த ஏழு நாள் கெடுவே வந்தது. "சும்மா கேட்டு வெப்போம்"ங்கறதுல இந்தச் சும்மா வேற ஒருத்தர் தலையில போய் விடியும். நம்ம ஆசை நம்மோடயே முடியறதில்லை.

திருச்சுழின்னதும் உங்களுக்கு ரமணர் ஞாபகம் வந்திருக்கும். 1879 டிசம்பர் 30ல அவர் பிறந்த ஊர். காவ்யகண்ட கணபதி முனி அவரை முருகனோட அவதாரமாவே பாத்தார், அதனால நம்ம குரூப்புக்கும் அவர் சொந்தக்காரர்தான். அவர் கதையில காலேஜ் ஃபீஸ் வர்ற இடம் ஒண்ணு இருக்கு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1896 ஆகஸ்ட் 29, மதுரை. பதினாறு வயசு வேங்கடராமன் வீட்டை விட்டுக் கிளம்ப முடிவு பண்ணியாச்சு. ஸ்கூல்ல மின்சாரம் பத்தி ஸ்பெஷல் கிளாஸ்னு ஒரு சாக்கு (ட்ரிபிள் ஈக்காரங்க சந்தோஷப்பட்டுக்கலாம்). அண்ணன், "அப்படியே என் காலேஜ் ஃபீஸ் அஞ்சு ரூபாயைக் கட்டிடு"ங்கறார். சித்தி பணத்தை எடுத்துக் குடுக்கறாங்க. ஒரு பழைய அட்லஸைப் பாத்து, திருவண்ணாமலைக்கு மூணு ரூபாய் போதும்னு கணக்குப் போடறார். மூணை எடுத்துக்கிட்டு ரெண்டை வெச்சுட்டு, ஃபீஸ் இன்னும் கட்டலைன்னும் ரெண்டு ரூபாய் இருக்குன்னும் சீட்டு எழுதி வெச்சுட்டுப் போறார்.

கையில அஞ்சும் இருந்தது. தெரியாத ஊர், திரும்பி வர்ற எண்ணமும் கிடையாது. நாமன்னா என்ன பண்ணுவோம்? எதுக்கும் இருக்கட்டும்னு அஞ்சையும் எடுத்திருப்போம். எனக்கு அந்த "எதுக்கும் இருக்கட்டும்"தான் அப்வேர்ட் பட்டன் மாதிரி தெரியுது. அவருக்கு எங்க போறோம்னு தெரியும், அதனால எவ்வளவு வேணும்னும் தெரிஞ்சுது. ஃபீஸ் கட்டாம விட்டது அண்ணனைப் பாதிக்கும்னும் தெரிஞ்சுது, அதான் எழுதி வெச்சார். ஆனா அட்லஸ் பழசு. விழுப்புரத்துல இருந்து திருவண்ணாமலைக்கு ரயில் வந்த விவரம் அதுல இல்லை. திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்து, வழியில ஒரு மௌல்வி சொல்லித்தான் விழுப்புரத்துல இறங்கினார். நாங்க பாத்த முந்தின வருஷக் கட்ஆஃபும் பழைய அட்லஸ்தான். இருந்தாலும் பாக்காமப் போறதுக்கு அது எவ்வளவோ மேல்.

பூக்கட்டிப் பாக்கறதைப் பத்தி நான் போன்ல அலட்சியமா சொன்னது தப்பு. எங்க அப்பத்தா காலத்துல இருந்து வீட்டுல உண்டு. ரெண்டு பக்கமும் தெரிஞ்சு, எடை போட்டு, அதுக்கு மேல மனுஷ புத்திக்கு எட்டலைங்கற இடத்துல சாமிகிட்ட விடறது ஒரு பெரிய சமாதானம். ஆனா படிச்சா தெரியற விஷயத்தை முருகன்கிட்ட கேக்கறது என்ன நியாயம்? வெள்ளை வந்து, நாலாவது கிடைச்சு, ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட முடியாம அவ வீட்டுல உக்காந்திருந்தா யாரைச் சொல்லுவோம்? "முருகன் விட்டுட்டான்"னுதான சொல்லுவோம்? நாம படிக்காததுக்கு அவன் பழி ஏத்துக்கணும். ராத்திரி கேப்ல உக்காந்து நான் சொன்ன பதிலும் இதே ரகம்தான். பலன் அவளுக்கு, சொன்ன பெருமை எனக்கு.

இதையெல்லாம் அவகிட்ட இவ்வளவு நீளமா சொல்லலை. பட்டன் என்ன செய்யும்னு சொன்னேன், கட்ஆஃபைக் காட்டினேன். "நீயே யோசிச்சுக்கோ, இன்னைக்குப் பூரா போன் பக்கத்துலயே இருப்பேன்"னேன்.

மூணரை மணிக்கு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. அக்செப்ட் அண்ட் ஜாயின். கீழ ஒரு வரி: "தியாகராஜர் கிடைச்சிருக்குமோன்னு கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்குண்ணே."

அந்தக் கஷ்டம் சரிதான், அதைப் போக்க எதுவும் சொல்லலை. அந்த ரவுண்ட்ல தியாகராஜர் எந்த மார்க்ல முடிஞ்சுதுன்னு அவளும் பாக்கலை, நானும் பாக்கலை.

சாயங்காலம் சித்திகிட்ட, "பூ என்னாச்சு?"ன்னு கேட்டேன். காலைலயே ரெண்டு பொட்டலமும் கட்டி எடுத்துக்கிட்டுத்தான் கோயிலுக்குப் போனாங்களாம். என் போனுக்கு அப்புறம் தங்கச்சி வேண்டாம்னுட்டா. அரளியையும் மல்லியையும் பிரிச்சு, ரெண்டையும் சேர்த்து முருகனுக்கே சாத்தச் சொல்லிட்டு வந்துட்டாங்களாம்.