வலியை எதனால் அளப்போம்?

செஞ்சி, வல்லம் பக்கத்துச் சிற்றூர்களில் புற்றுநோய் கண்டவர் பலர் புதுவை ஜிப்மர் மருத்துவமனைக்குச் சென்று வருகின்றனர். வீடு திரும்பியவரைக் காணச் செல்வோரிடையே ஒரு பேச்சு எழுவதுண்டு: "இதே மாத்திரையைத்தான் அடுத்த தெருக்காரரும் விழுங்கினார், அவர் இப்படி அரற்றவில்லையே! இவருக்குப் பொறுமை போதாது." இத்தீர்ப்பு நீதியானதா என்பதே நம் வினா.

விடையின் ஒரு பகுதி அந்த ஜிப்மரிலேயே கிடைக்கிறது. அதன் மருந்தியல் துறையினர் தமிழர் உள்ளிட்ட தென்னிந்திய மக்களிடையே சி.ஒய்.பி.2டி6 என்னும் மரபணுவின் வேறுபாடுகளை ஆய்ந்துள்ளனர். இம்மரபணு கல்லீரலில் ஆக்கும் நொதியே கோடீன் என்னும் வலிமருந்தை மார்ஃபினாக மாற்றுகிறது. கோடீன் தன்னளவில் வலியைப் பெரிதும் தணிப்பதில்லை. ஆகவே அந்நொதி பிறவியிலேயே செயலற்றிருப்பவர் மாத்திரையை விழுங்கினாலும் வலி அப்படியே நிற்கும். மரபணுவின் பிரதிகள் மிகுந்து பிறந்தவருக்கோ அதே அளவு மூச்சையே ஒடுக்கிவிடலாம். 12 வயதுக்குட்பட்டோருக்குக் கோடீன் கூடாதென 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது இந்த அபாயத்தை எண்ணியே. நம் பக்கத்து மருந்துச் சீட்டுகளில் காணும் டிரமடாலும் பெரும்பாலும் இந்நொதியை நம்பியே வேலை செய்கிறது.

மூளையிலும் வேற்றுமை உண்டு. மார்ஃபின் சென்று பற்றும் 'மியூ' ஏற்பிக்குரிய மரபணுவில் ஓரெழுத்து மாறியிருப்போர் ஐரோப்பியரைவிட ஆசியரிடையே மிகுதி. அவர்களுக்கு அறுவைக்குப் பின் மார்ஃபின் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படுவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. வேறு சில அவ்வாறு காணவில்லை. இதன்மேல் நாம் பெரிய மாளிகை கட்டிவிட வேண்டாம்.

அப்படியானால் பொறுமை என்னும் புண்ணியம் வெறும் மரபணுக் கணக்கா? அன்று. தமக்கு நேர்ந்த வலியை ஒருவர் எவ்வாறு தாங்குகிறார் என்பதிலேயே பொறுமை உள்ளது. அவ்வலியின் எடையை அடுத்தவர் அறியார். அமைதியாகக் கிடந்தவரைப் புகழ்வதிலும் நமக்கு இதே நிதானம் வேண்டும். மருந்து அவருக்கு நன்றாக வேலை செய்திருக்கலாம்.

துன்பத்தை ஒப்புக்கொடுப்பது அவரவர் மனமுவந்து செய்வது. பிறர் தலையில் ஏற்றுவதன்று. திருத்தந்தை 12ஆம் பயஸ் 1957 பிப்ரவரி 24 அன்று மருத்துவர்களுக்கு உரைத்தபோது, வேறு வழி இல்லாதவிடத்து, நோயாளியின் பிற கடமைகளுக்குத் தடை நேராதாயின், ஆயுள் குறையக்கூடுமெனினும் வலிநீக்கும் மருந்தைத் தரலாமென்றார். நம் நாட்டிலும் நோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்க, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது.

"வலி குறையவில்லை" என்று நோயாளி சொன்னால், அச்சொல்லை அப்படியே மருத்துவரிடம் சேர்ப்பது வீட்டாரின் கடன். தாமாக மாத்திரையைக் கூட்டிவிடலாகாது. மூச்சு ஒடுங்கும் உடலாகவும் அது இருக்கக்கூடும். மருத்துவர் மருந்தையே மாற்றித் தரலாம்.