கழித்துக் கொடுக்கும் சம்பளம்

2024 அக்டோபர் 11 இரவு, சென்னை–கும்மிடிப்பூண்டி தடத்தில் உள்ள கவரைப்பேட்டையில் லூப் லைனில் (பக்கத் தடத்தில்) நின்றிருந்த சரக்கு ரயில் மீது மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது. பலர் காயமடைந்தனர்; நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. தண்டவாளப் போல்ட்டுகள் கழற்றப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில், நாசவேலைக் கோணத்தில் விசாரணை நடந்தது. அந்த விபத்துக்கும் ரயில்வேயின் ஆள் பற்றாக்குறைக்கும் முடிச்சுப் போடக் கூடாது. ஆனால் தண்டவாளத்தைக் கண்காணிக்கும் வேலை எவ்வளவு பெரியது என்பதை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு மின்சார ரயிலில் போய்வரும் தொழிலாளர்கள் அன்று உணர்ந்திருப்பார்கள்.

அதே மாதம் ரயில்வேயின் இன்னொரு முடிவும் செய்தியானது. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க, சுமார் 25,000 பணியிடங்களில் ஓய்வுபெற்றவர்களைத் தற்காலிகமாக அமர்த்தலாம் என்பதே அது. வயது 65-க்குள் இருக்க வேண்டும், உடற்தகுதி வேண்டும், காலம் இரண்டு ஆண்டுகள். சம்பளம், கடைசியாக வாங்கியதில் அடிப்படை ஓய்வூதியம் போக மீதி.

பென்ஷனும் வாங்கிக்கொண்டு சம்பளமும் வாங்கலாமா என்ற கேள்வி உடனே எழும். 1982-இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு அடிப்படை போட்டுவிட்டது: ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடையல்ல, செய்து முடித்த பணிக்கான உரிமை. அப்படியானால் இன்று செய்யும் வேலைக்கான கூலியில் அதைக் கழிப்பது எப்படி நியாயம்?

மறுபக்கம் இளைஞர்கள் நிற்கிறார்கள். ஐடிஐ முடித்து, தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்ட் பார்த்துக்கொண்டே ரயில்வே தேர்வுக்குப் படிப்பவருக்கு வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருக்கிறது. முதியவருக்கு இரண்டு ஆண்டு நீட்டிப்பாக இருப்பது இந்த இளைஞருக்குக் கடைசி வாய்ப்பாக இருக்கலாம்.

இருவரையும் மோதவிடுவது அந்தக் கழித்தல் கணக்குதான். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய், ஓய்வூதியம் அதில் பாதி என்று வைத்துக்கொண்டால், அனுபவசாலி 30,000 ரூபாய்க்குக் கிடைக்கிறார். ஆண்டு உயர்வு இல்லை, புதிய ஓய்வூதியப் பொறுப்பும் இல்லை. இத்தனை மலிவாக ஆள் கிடைக்கும்போது நிரந்தர நியமனத்துக்கு அவசரம் காட்ட நிர்வாகத்துக்கு என்ன தேவை? ஓய்வூதியத்தைக் கழிப்பது சிக்கனம் போலத் தெரிகிறது. உண்மையில் அது முதியவரின் உழைப்பையும் இளைஞரின் இடத்தையும் ஒரே நேரத்தில் குறைத்து மதிப்பிடுகிறது.

அதற்காகக் கதவையே சாத்திவிட முடியாது. சுத்தியலும் ஸ்பேனரும் சுமந்து தண்டவாளத்தைச் சோதித்தபடி தன் பகுதி முழுக்க நடக்கும் கீமேனுக்கு, எந்த இடத்தில் மழைக்குப் பின் ஜல்லி இறங்கும், எந்தக் கிளிப் அடிக்கடி தளரும் என்பது அத்துப்படி. அந்த அறிவைப் புதியவருக்குக் கைமாற்ற அவர் திரும்பி வருவது நல்லதே. அறுபதைக் கடந்த உடம்பை மீண்டும் அதே வெயிலில், அதே சுமையோடு தினமும் நடக்கவைப்பதுதான் தவறு.

எனவே ஓய்வூதியத்தில் கைவைக்காமல், வேலைக்கு முழு ஊதியம் தரட்டும். பணி பயிற்றுவிப்பதாக இருக்கட்டும். அந்தப் பணியிடத்துக்கான நிரந்தரத் தேர்வு அறிவிப்பு வெளிவந்த பிறகே ஓய்வுபெற்றவரை அழைக்க வேண்டும் என்பதை ஆணையிலேயே எழுதட்டும். தேர்வானவர் பயிற்சி முடித்துப் பொறுப்பேற்கும் நாளில் ஓய்வுபெற்றவரின் ஒப்பந்தம் முடியட்டும்.