நோட்டீஸ் கொடுத்துப் பறித்தால்

1961-ல் சேலத்திலிருந்து பம்பாய் போய்ச் சேர்ந்தார் ஒரு கூலித் தொழிலாளி. சொந்த நிலம் கிடையாது. வறட்சியில் ஊர் வேலையும் போய்விட்டது. தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய் கிடைத்தது. மேற்கு விரைவு நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்டு மறைத்த இடத்துக்காக அங்கிருந்த தாதா அவரிடம் கறந்தது 2,500 ரூபாய். நூறு நாள் கூலிக்கும் மேல். மனைவி, மூன்று பெண் பிள்ளைகளோடு அதில்தான் குடியிருந்தார். 1981 ஜூலையில் மாநகராட்சி ஆட்கள் குடிசையைப் பிரித்துப் போட்டு, குடும்பத்தைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரிலேயே தங்க, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்தார். மறுபடியும் நடைபாதைக் குடிசைதான்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவான கதை இது. பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் தொடுத்த வழக்கோடு சேர்த்து இவரது வழக்கையும் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். 1985 ஜூலை 10-ல் வந்த தீர்ப்பு, அரசமைப்பின் 21-வது பிரிவு காக்கும் உயிருக்குள் பிழைப்பும் அடக்கம் என்றது. பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிக்கும் வழிகளில் ஒன்று என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால், அதே தீர்ப்புதான் நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் சொன்னது. மழைக்காலம் முடிய, அக்டோபர் 31 வரை பொறுக்க வேண்டும். 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும். அவ்வளவுதான்.

21-வது பிரிவு பறிப்பதையே தடுக்கவில்லை. சட்டம் வகுத்த நடைமுறை இல்லாமல் பறிப்பதைத்தான் தடுக்கிறது. அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1978-ல் மேனகா காந்தி வழக்கு உறுதி செய்தது. இதைச் சிறிய பாதுகாப்பு என்று தள்ளிவிட முடியாது. விடியற்காலையில் புல்டோசர் வந்து நிற்பதற்கும், முன்கூட்டி நோட்டீஸ் வந்து, போய் வாதாட ஒரு வாய்ப்புக் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் வீடு இழந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் "எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டாங்க" என்று அழுகிற பெண்ணிடம் போய், நோட்டீஸ் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அவர் பேசுவது போன பொருளைப் பற்றி. சட்டம் பேசுவது எடுத்த விதத்தைப் பற்றி. 'எல்லாம் முறைப்படிதான் நடந்தது' என்ற பதில் அதிகாரியைக் குற்றத்திலிருந்து விடுவிக்கலாம். அந்தப் பெண்ணுக்கு ஊர் பட்ட கடன் அதனால் தீர்ந்துவிடாது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. நடைபாதை நடப்பவர்களுக்கானது. அது அடைபட்டால் முதியவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் லாரிகளுக்கு நடுவே இறங்க வேண்டியிருக்கும். அதுவும் இழப்புதான். எனவே அகற்றுவது சில இடங்களில் சரியான முடிவாகவே இருக்கலாம். முடிவு சரி என்பதால், அகற்றப்பட்டவர் எதையும் இழக்கவில்லை என்று ஆகிவிடுமா?

சென்னையில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. நகரின் விளிம்பிலுள்ள கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் கையில் சாவி இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்கும் கான்கிரீட் வீடு கிடைத்தது. அரசுக் கோப்பில் அவர்கள் பயனாளிகள். ஆனால் நகரத்துக்குள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு, காலை ஆறு மணிக்கு முதல் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்றால் பழவந்தாங்கலோ மயிலாப்பூரோ இனி நடந்து போகிற தூரமில்லை. பஸ் கட்டணமும் நேரமும் போக மிஞ்சுவது கட்டுப்படியாகாமல் ஒவ்வொரு வீடாக விட்டுவிடுகிறார். சொந்தச் சுவர் வந்தது, சம்பளம் போனது. ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு உயிரோடு சேர்த்துச் சொன்னது இந்தச் சம்பளத்தைத்தான்.

காலத்தைப் பார்ப்பதும் முக்கியம். அக்டோபர் என்றால் பம்பாயில் மழை ஓயும். சென்னையில் அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். பள்ளி ஆண்டின் நடுவில் பெயர்த்தால் பிள்ளையின் படிப்பும் சேர்ந்து அறுந்துபோகிறது.

மறுகுடியமர்வுக் கோப்பில் வீட்டின் சதுர அடிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பழைய வேலை இடம் எத்தனை கிலோமீட்டர், முதல் பஸ் எத்தனை மணிக்கு, இடம்பெயர்ந்த ஆறாம் மாதத்தில் குடும்ப வருமானம் என்ன என்பவற்றுக்கும் கட்டங்கள் வேண்டும். வருமானம் குறைந்திருந்தால் அதை ஈடுகட்டுவது அகற்றிய அரசின் பொறுப்பாகவும் இருக்க வேண்டும்.