மோனிக்காவின் கூடை

ஆகஸ்ட் 27 புனித மோனிக்காவின் திருநாள். மறுநாள், 28, அவருடைய மகன் அகுஸ்தினாரின் திருநாள். இந்த இரண்டு நாளும் வந்துவிட்டால் கோவில்களில் பெரும்பாலும் ஒரே மறையுரைதான்: தறிகெட்டுத் திரிந்த மகனுக்காகத் தாய் பல ஆண்டுகள் அழுது செபித்தார், மகன் மனம் மாறிப் புனிதரானார், ஆகவே தாய்மாரே, தளராமல் மன்றாடுங்கள். கேட்கிற தாய்மாருக்கு இது ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் மாறுகிறவர் மகன் மட்டுமே; தாய் தொடக்கத்தில் இருந்தபடியே முடிவிலும் இருக்கிறார். அகுஸ்தினார் 397-ஆம் ஆண்டையொட்டி எழுதத் தொடங்கிய தன்வரலாற்று நூலை நிதானமாகப் படித்தால், அதில் இரண்டு மனமாற்றங்கள் நடப்பது தெரியும். மிலான் நகரத்துத் தோட்டத்தில் மகன் மாறியது உலகறிந்த செய்தி. தாயின் மாற்றமோ அன்றாடக் காரியங்களுக்கு நடுவே, யாரும் நாள் குறித்து வைக்காமல் நடந்தது.

தொடக்கத்து மோனிக்காவை மகன் பூசி மெழுகாமல் காட்டுகிறார். ஊர் தாகாஸ்தே, இன்றைய அல்ஜீரியாவில் உள்ளது. பதினாறு வயதில் மகனின் போக்கு சரியில்லை என்று தெரிந்தும் தாய் அவருக்குக் கல்யாணம் பேசவில்லை. படிப்பும் முன்னேற்றமும் கெட்டுவிடும் என்ற பயம். மகன் மானிக்கேயர் மதத்தில் சேர்ந்ததும், அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார். மகனைக் கூப்பிட்டுப் பேசித் திருத்துங்கள் என்று ஓர் ஆயரை, அவர் பொறுமையிழக்கும் அளவுக்கு நச்சரித்தார். 383-இல் மகன் ரோமுக்குக் கிளம்பியபோது கார்த்தேஜ் கடற்கரைவரை வந்து பிடித்துக்கொண்டார். மகன் பொய் சொல்லிவிட்டு இரவோடு இரவாகக் கப்பலேற வேண்டியிருந்தது. பிறகு தாயும் கடல் கடந்து மிலானுக்கு வந்தார். அங்கே மகனோடு பல ஆண்டு வாழ்ந்து ஓர் ஆண்பிள்ளையையும் பெற்ற பெண் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். மணவயதுக்கு இன்னும் இரண்டு ஆண்டு குறைவான ஒரு சிறுமியை மகனுக்கு நிச்சயம் செய்தார்கள். இந்த ஏற்பாட்டில் மோனிக்காவின் முயற்சியே பெரிது. அனுப்பப்பட்ட பெண்ணின் பெயரைக்கூட நூல் சொல்வதில்லை, அந்தப் பிரிவின் ரணத்தை மட்டும் சொல்கிறது. ஆழ்ந்த பக்தியும் பிள்ளையின் அந்தஸ்தைப் பற்றிய ஆசையும் ஒரே நெஞ்சில் சண்டையில்லாமல் குடியிருந்தன. மெடிக்கல் சீட்டுக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் நவநாள் செபம் சொல்கிற நம் வீட்டுத் தாய்மாருக்கு இந்த மோனிக்கா அந்நியரே அல்ல.

இனி தலைப்பில் சொன்ன கூடையைப் பார்ப்போம். ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள் மறைசாட்சிகளின் நினைவிடங்களுக்குக் கூடையில் கூழும் ரொட்டியும் திராட்சை இரசமும் கொண்டுபோவது வழக்கம். இரசத்துக்கு மோனிக்கா எடுத்துப்போனது ஒரே ஒரு சின்னக் கிண்ணம். அதிலும் இரசத்தில் தாராளமாகத் தண்ணீர் கலந்திருக்கும். எத்தனை கல்லறைக்குப் போனாலும் அதே கிண்ணம்தான். உடன் வருகிறவர்களோடு ஆளுக்கு ஒரு வாய். மிலானிலும் அப்படியே போனபோது வாசற்காவலர் தடுத்தார்: ஆயர் அம்புரோஸ் இதைத் தடைசெய்திருக்கிறார். குடிப்பவர்களுக்கு இது சாக்காகிறது, பழைய சமயத்தாரின் இறந்தோர் சடங்கைப் போலவும் இருக்கிறது என்பது ஆயரின் காரணம். இந்தக் குற்றம் எதுவும் மோனிக்காவிடம் இல்லை. வாசலில் நின்று நியாயம் பேசியிருக்கலாம், நம்மில் பலர் பேசியிருப்போம். அவர் மறுபேச்சில்லாமல் கூடையை விட்டார். கொடுக்க முடிந்ததை அதன்பின் ஏழைகளுக்குக் கொடுத்தார். கெட்ட பழக்கத்தை விடுவது கடினம்தான். ஆனால் பக்தியென்று நம்பி, ஆப்பிரிக்காவிலிருந்தே செய்துவந்த ஒன்றை விடுவது அதைவிடக் கடினம். மோனிக்காவின் உள்மாற்றத்துக்கு இதை முதல் சாட்சியமாக எடுத்துக்கொள்வேன். சொன்னவர் அம்புரோஸ் என்பதால்தான் அவர் கேட்டார், வேறொருவர் என்றால் இவ்வளவு எளிதில் விட்டிருக்க மாட்டார் என்று மகனே சந்தேகப்படுகிறாரே என்று கேட்கலாம். உண்மைதான். மகனுக்கு நல்வழி காட்டுவார் என்ற நம்பிக்கையில் அந்த ஆயர்மேல் தாய்க்குத் தனி மதிப்பு. ஆனால் சுத்தமான நோக்கம் முழுதாக வந்தபிறகுதான் மாற்றம் தொடங்கவேண்டும் என்றால், பிள்ளை பெற்ற யாருக்கும் அது தொடங்கவே போவதில்லை.

இன்னொரு மறுப்பு உண்டு, அது எழத்தான் வேண்டும். முன்கோபியான கணவர் பத்ரீசியுஸிடம் மோனிக்கா எதிர்த்துப் பேசுவதில்லை. கோபம் தணிந்தபிறகே விளக்கம் சொல்வார். முகத்தில் அடிபட்ட அடையாளத்தோடு வந்து புலம்பிய பெண்களுக்கும் அடங்கிப் போகவே யோசனை சொன்னார் என்று மகன் எழுதுகிறார். இதையா உள்மாற்றம் என்பது? இதை நான் அப்படிச் சொல்லமாட்டேன். நான்காம் நூற்றாண்டில், கணவனையே எசமானாக வைத்திருந்த சமூகத்தில், ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ளக் கண்டுபிடித்த வழி அது. இன்று அடிவாங்கிப் பொறுத்திருப்பதை ஆன்மீகம் என்று போதிக்க யாராவது மோனிக்காவைத் துணைக்கு அழைத்தால், அவர்கள் சொல்வது தவறு. தன் பிடியைத் தானே தளர்த்துவது வேறு, அடுத்தவர் கை தன்மேல் ஓங்குவதற்கு விட்டுக்கொடுப்பது வேறு.

காலையில் டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளையை வேன் ஏற்றி, தானும் வேலைக்கு ஓடுகிறவர் செபத்தில் உட்காரவே நேரமில்லை என்பார். இதில் உள்ளம் எங்கே மாறும் என்பார். அவருக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஓஸ்தியா துறைமுகத்துச் செய்தி. 387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் மகன் திருமுழுக்குப் பெற்றார். ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில் ஓஸ்தியாவில் தாய் காய்ச்சலில் விழுந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தாறாம் வயது நடந்துகொண்டிருந்தது. கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே தனக்கும் இடம் ஒதுக்கி வைத்திருந்தவர் அவர். அங்கேதான் அடங்கவேண்டும் என்பது அவரது நெடுநாள் கவலை. ஆகவே உடனிருந்த இன்னொரு மகன், சொந்த மண்ணில் சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று வருந்தினார். தாய் அவரைக் கண்டிக்கும் பார்வை பார்த்துவிட்டு, உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்ற பொருளில் சொன்னார். (அந்த எலும்புகளை 1430-இல் ரோமுக்கு எடுத்துப்போனார்கள், இடத்தைப் பற்றிய கவலை மற்றவர்களை விடவில்லை.) தம் மனமாற்றத்துக்குத் தோட்டத்தையும் அத்திமரத்தையும் அங்கே காதில் விழுந்த குழந்தைக் குரலையும் அடையாளம் வைக்கிற அகுஸ்தினார், தாயின் நெஞ்சைவிட்டு அந்தக் கல்லறை ஆசை எப்போது போனது என்பது தமக்குத் தெரியாது என்றே எழுதுகிறார்.